மூழ்கி எழுந்த பழைய பிக்கப்: சொந்த இன்ஜினைப் பிரிப்பதா, செகண்ட் இன்ஜின் போடுவதா?

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியதில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் ஏற்றும் வண்டிகள் பல கேபின் வரை மூழ்கின. எங்கள் பழைய மஹிந்திரா பிக்கப்பும் அதில் ஒன்று. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாயும் காமன் ரெயில் முறைக்கு முந்தைய 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின், டீசலைத் தள்ளுவது மெக்கானிக்கல் பம்ப்.

தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இருந்த நிலையிலேயே புரோக்கரிடம் தள்ளிவிடு. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பாகக் கடையில் ஒரு செகண்ட் இன்ஜின் (வேறு வண்டியிலிருந்து கழற்றியது) வாங்கி மாட்டு. இல்லையென்றால் இருக்கிற இன்ஜினையே பிரித்து வேலை செய். நான் மூன்றாவதைத்தான் செய்தேன். இப்போது யாராவது கேட்டாலும் பெரும்பாலும் அதையே சொல்வேன்.

முதல் யோசனையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. வெள்ளம் வடிந்த வாரத்தில் புரோக்கர் சொல்வது இரும்பு விலை. முழு இன்சூரன்ஸ் இருப்பவர் முதலில் கிளெய்ம் போட வேண்டும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழுச் சேதக் கணக்கில் வரும். ஆனால் பழைய லோடு வண்டிக்கு நம்மில் பலர் எடுப்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான். அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

ஆக, போட்டி செகண்ட் இன்ஜினுக்கும் சொந்த இன்ஜினுக்கும்தான்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றே. சாவியைத் தொடக்கூடாது, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால், அமுங்காத தண்ணீரை பிஸ்டன் முட்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸ் இருந்தாலும், செல்ஃப் அடித்ததால் இன்ஜின் போனது என்று தெரிந்தால் தனி இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழியப் பணம் வராமல் போகலாம்.

செகண்ட் இன்ஜினின் கவர்ச்சி வேகம். நல்ல மெக்கானிக் கிடைத்தால் ஓரிரு நாளில் இறக்கி ஏற்றிவிடுவார். சீசனில் லோடு காத்திருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. பணத்தில் பெரிய வித்தியாசமும் கிடையாது. எனக்குச் சொன்ன செகண்ட் இன்ஜின் விலையும், லேத் வேலை, லைனர் (சிலிண்டரின் உள்குழாய்), பிஸ்டன் செட், கூலி எல்லாம் சேர்ந்த என் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. அதனால் பணத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

முடிவு செய்ய வேண்டியது நம்பரை வைத்து.

ஆர்.சி.யில் சேஸ் நம்பருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் நம்பரும் இருக்கிறது. அந்த நம்பர் பொறித்திருப்பது இன்ஜினின் அடிப்படை உடலான பிளாக்கில். பிஸ்டன், லைனர், கிராங்க், ஏன் பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டையே மாற்றினாலும் பிளாக் அதேதான், நம்பரும் அதேதான். யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வேறு இன்ஜின் வைத்தால் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு இன்ஜின் வாங்கிய பில் வேண்டும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான காகிதம் வேண்டும், ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். பழைய இன்ஜின் கடையில் இன்ஜின் உடனே கிடைக்கும். காகிதம் கேட்டால் "அடுத்த வாரம் தர்றேண்ணே" என்பார்கள்.

சொந்தக் காராக இருந்தால் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடலாம். லோடு வண்டிக்கு அது முடியாது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று சோதனை) உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பானெட்டைத் திறக்கச் சொல்லி, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து நம்பரைப் பார்த்தால், அது ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். விபத்து கிளெய்மில் இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையே பார்ப்பார், நாளைக்கு வண்டியை வாங்க வருபவரும் பார்ப்பார். நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்கு, இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், விலை குறைத்துத்தான் கேட்பார்கள். நம்பரை ராவிய இன்ஜின் என்றால் திருட்டு வண்டியின் இன்ஜின் என்ற சந்தேகம் வரும். அது போலீஸ் விவகாரம்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு பிரிக்கிற வண்டிகளில் மூழ்கியவையும் இருக்கும். நம் இன்ஜினில் தண்ணீர் புகுந்தது என்று இன்னொரு இன்ஜின் தேடிப் போனால், அதுவும் குளித்து வந்ததாகவே இருக்கலாம். வெளியே டீசல் போட்டுக் கழுவி பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

சொந்த இன்ஜினில் அந்தச் சந்தேகம் இல்லை, எல்லாம் கண்முன் பிரிகிறது. ஆயில் பிளக்கை மெதுவாகத் திருகினால் முதலில் வருவது தண்ணீர். கனம் கூடியதால் அது அடியில் தங்கியிருக்கும். கலங்கிய செந்நிறத் தண்ணீர் தட்டில் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கறுப்பு ஆயில் நூலாக இறங்கும். ஆயில் பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீரோடு இன்ஜின் ஓடியிருக்கிறது என்று பொருள். அடுத்து இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்ற வேண்டும். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தை அங்கே நீட்டாதீர்கள். ஹெட்டைத் திறந்த பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டெப்த் கேஜ் வைத்துப் பார்த்தால், எது தாழ்ந்து நிற்கிறதோ அதன் ராடு வளைந்திருக்கிறது. மெக்கானிக்கின் ஊகத்தை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

பழைய வண்டி என்பது இங்கே நமக்குச் சாதகம். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினுக்கு ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கிடையாது. டீசல் டேங்கைக் காலி செய்து, ஃபில்டர் மாற்றி, பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் பம்ப் கடையில் சோதித்தால் டீசல் பக்கம் முடிந்தது. காமன் ரெயில் வண்டியில் நான் இந்த வேலை பார்த்ததில்லை, அதற்கு இதே கணக்கைப் போடாதீர்கள். எங்கள் வண்டியில் புகுந்தது ஆற்றுத் தண்ணீர். உப்பளப் பக்கம் உவர் நீரில் நின்ற வண்டி என்றால் துரு வேறு வேகத்தில் ஏறும்.

இன்ஜின் எதுவாக இருந்தாலும் மற்ற வேலைகள் தப்பாது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டிலும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கும், ஆயில் மாற்றியே தீர வேண்டும். வீல் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ், பிரேக் டிரம்மில் படிந்த வண்டலை எடுப்பது, புது பிரேக் ஆயில். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கலாம். செல்ஃப், டைனமோ இரண்டையும் எலக்ட்ரீஷியன் பிரித்துக் காயவைப்பார். பிறகும் தொல்லை தருவது ஒயரிங்தான். கனெக்டருக்குள் பச்சை பூத்து, சில மாதம் கழித்து ஹெட்லைட் மங்கும், இண்டிகேட்டர் நிற்கும். செகண்ட் இன்ஜின் போட்டாலும் இதே ஒயரிங்தான் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அப்படியானால் செகண்ட் இன்ஜின் எப்போது? ராடு உடைந்து பிளாக்கைக் குத்திவிட்டால், அல்லது பிளாக்கே வெடித்திருந்தால் வேறு வழி இல்லை. மாதக்கணக்கில் திறக்காமல் விட்டு ஜாம் ஆன இன்ஜினும் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். அப்போதும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பில்லையும் பழைய வண்டியின் ஆர்.சி. நகலையும் கையில் வாங்கி, அதே மாடல் இன்ஜின்தானா என்று பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள். காகிதம் பிறகு வரும் என்கிற கடையில் பணமும் பிறகு வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.