லித்தியம் வாங்கும் கடை

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரே கேட்டுக்கொண்டார். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டுப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே வாசல் அடைபட்டுப்போகும் சிறிய மருந்துக்கடை அது. “பேரு போட்டா ‘கோட்டி மாத்திர விக்கிற கடை’ன்னு ஆயிரும் தம்பி, பெறகு காய்ச்சலுக்கு மாத்திர வாங்க வாரவனும் வரமாட்டான்” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது வியாபாரக் கணக்கு மட்டுமல்ல என்பது, மனநோய்க்கான மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

என் தம்பிக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருக்கிறது; அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய் அது. அவன் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக லித்தியம் கார்பனேட்டும் இரவில் ஓலன்சபினும் சாப்பிட்டு வருகிறான். இந்த ஆறில் கடைசி நான்கு ஆண்டுகளாக இந்தக் கடையில்தான் வாங்குகிறோம். அதற்கு முன்பு வேறொரு கடையில் வாங்கினோம். அங்கே சீட்டைப் பார்த்த பையன், கடை நிறைய ஆட்கள் நிற்கையில், உள்ளே இருந்தவரிடம் “அண்ணே, மெண்டல் மாத்திர ஸ்டாக் இருக்கா?” என்று உரக்கக் கேட்டான். தம்பி அன்று என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் கடையை மாற்றியதற்கு அது மட்டும் காரணமில்லை. மருந்தாகச் சாப்பிடும் லித்தியம் ஓர் உப்பு. அதீத உற்சாக நிலையை அது தணிக்கிறது என்று 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். இன்றும் இந்த நோய்க்கு அது முதன்மையான மருந்துகளில் ஒன்றாகவே இருக்கிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே வழியில் கையாள்வதால், உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்துவிட்டால் அது லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இவ்வளவு குறுகிய வரப்பின் மேல் நடக்கும் மருந்தை அக்னி நட்சத்திர வெயிலில் திருநெல்வேலியில் சாப்பிடுகிறோம் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்படியொரு மே மாதத்தில் தம்பிக்குப் பல்வலி வந்தது. பழைய கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கினோம். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்த வகை வலிநிவாரணிகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். ஐந்தாம் நாள் அவனால் காப்பித் தம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை, வாந்தியும் நிற்கவில்லை, மாலையில் பேச்சும் குழறியது. பரிசோதனையில் அளவு 1.9 என்று வந்தது. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சியின் கடைக்கு முதன்முறையாகப் போனபோது, சீட்டைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக இரத்தம் எப்போது பார்த்தீர்கள் என்பதுதான். இன்றுவரை ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். இரத்த அளவு பார்க்கப் போகும் காலையில் மாத்திரை போடாமல் போக வேண்டும், இரவு போட்டதிலிருந்து பன்னிரண்டு மணிநேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வப்போது தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவர் சொல்லியிருந்தாலும், அவர் சொன்னபோது நாங்கள் பயத்தில் இருந்தோம். இவர் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னபோதுதான் மனத்தில் நின்றது. குலசை தசராவுக்கு மாலை போடுகிறேன், ஒருவேளைச் சாப்பாடுதான் என்று தம்பி ஒருமுறை பிடிவாதம் பிடித்தபோது, “மாலையப் போடு, வேண்டாங்கல. ஆனா டாக்டர்ட்ட கேக்காம சோத்தையும் உப்பையும் கொறைக்காத, தண்ணியக் குடி” என்றார். அவன் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாலை போட்டான்.

மாத்திரை அட்டையை அவர் வெட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டால், பெரும்பாலான கடைகளில் கத்தரித்துக் கையில் தரும் துண்டில் காலாவதித் தேதி இருக்காது. அது கடையிலேயே தங்கிவிடும். இவர் அந்தத் தேதியையும் தொகுதி எண்ணையும் காகித உறையில் நீல மையால் எழுதி, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை என்பதற்கு ஒரு சூரியனையும் இரவு என்பதற்கு ஒரு பிறையையும் வரைந்து தருகிறார். சூரியன் தோசைக்கல் மாதிரி இருக்கும், குழப்பம் வராது.

தூக்க மாத்திரை விஷயத்தில் அவர் கறார். அல்ப்ரஸோலம், டயஸெபாம் போன்றவற்றை விற்கும்போது வாங்குபவர், எழுதிய மருத்துவர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. ஓர் இளைஞர் சீட்டில்லாமல் “ரெண்டே ரெண்டு” என்று கெஞ்சியதையும், அண்ணாச்சி அதட்டாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்து, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதே மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்ட ஒருவர் திடீரென்று நிறுத்தப்போகிறேன் என்றபோது, வலிப்பு வரக்கூடும், மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள் என்று தடுத்தவரும் அவர்தான்.

குறைகளும் உண்டு. பெரிய கடைகளும் இணையக் கடைகளும் தரும் தள்ளுபடி இங்கே கிடையாது. பணத்தட்டுப்பாடு உள்ளவர்கள் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம். அங்கே மருந்து இலவசம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலையில் கிடைப்பவற்றையும் விசாரிக்கலாம். இன்னொரு குறை, இருப்பு. போன மாதம் தம்பிக்கு எழுதிய, மெதுவாகக் கரையும் வகை லித்தியம் தீர்ந்துபோயிருந்தது. சாதாரண வகை அலமாரியில் கண்ணெதிரே இருந்தும் அவர் தர மறுத்துவிட்டார். இரண்டும் உடம்பில் ஒரே வேகத்தில் சேர்வதில்லை, மருத்துவர் மாற்றி எழுதினால்தான் தருவேன் என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் பேசி எடுத்துவைக்கச் சொன்னார். வெயிலில் போய் வாங்கி வந்தேன்.

மதியம் இரண்டு முதல் நான்கரை வரையும், ஞாயிறு மாலையும் கடை அடைப்பு. கைபேசியில் எடுத்த சீட்டுப் படத்தை ஏற்கமாட்டார்; அசல் சீட்டோடு போக வேண்டும்.