கேடென்லைவில் நான்கு வருடம்: அப்பாவின் 38 கேசட்டுகளுக்குப் பெயர் வைத்த அனுபவம்

குன்னூர் வீட்டில் அப்பா விட்டுப்போன மினிடிவி (MiniDV, கையடக்க வீடியோ கேமராவின் சின்ன டேப்) கேசட்டுகள் 38. எல்லாம் 2002 முதல் 2009 வரை அவர் எடுத்தவை. நான்கு வருடமாக அவற்றைக் கேடென்லைவில் வெட்டி, பெயர் வைத்து, சிறு சிறு படங்களாகச் சேர்த்து வருகிறேன். கேடென்லைவ் (Kdenlive) இலவச வீடியோ எடிட்டிங் மென்பொருள், என் பழைய லேப்டாப்பில் லினக்ஸில் ஓடுகிறது. எடிட்டிங் வசதிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். குவிந்து கிடக்கும் க்ளிப்புகளை அடையாளம் வைத்து அடுக்க அது எவ்வளவு உதவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஈரத்துக்கு பீரோவில் இருக்கும் துணியே பூஞ்சை பிடிக்கும். இரண்டு கேசட்டுகளின் கண்ணாடி வழியே டேப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தது. அவற்றை ஓட்டவில்லை. அந்தப் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் கேமரா ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்த கேசட்டும் கெடும். மீதி 36ஐயும் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக, டிவிகிராப் (dvgrab) என்ற லினக்ஸ் நிரல் கொண்டு லேப்டாப்பில் இறக்கினேன். ஒரு மணி நேர டேப் இறங்க ஒரு மணி நேரம்தான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. டேப்புக்குச் சுமார் 13 ஜிபி என்று மொத்தம் 470 ஜிபி பக்கம் வந்தது.

டிவிகிராப்பில் ஆட்டோஸ்ப்ளிட், டைம்ஸ்டாம்ப் இரண்டையும் போட மறக்காதீர்கள். முதலாவது, அப்பா ரெக்கார்ட் பட்டனை அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் தனிக் கோப்பாகப் பிரித்துத் தரும். இரண்டாவது, கேமரா டேப்பிலேயே எழுதிவைத்திருக்கும் தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயராக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதிதான் படுத்தியது. கேமராவுக்குள் இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோய்க் கடிகாரம் அடிக்கடி பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது. இருநூறு க்ளிப்புக்கு மேல் 2002 ஜனவரி 1 என்றே நின்றன. படத்தைப் பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டும். மலை ரயில் க்ளிப் ஒன்றில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் சட்டம்) தெரிந்தது. அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான் உண்டு, ஆகவே ஊட்டிப் பயணம் இல்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பி வந்த நாள். இன்னொன்றில் ஸ்டேஷன் பலகையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று எழுதியிருந்தது. யுனெஸ்கோ அந்த அங்கீகாரத்தைக் கொடுத்தது 2005ல், அதற்கு முந்தைய க்ளிப்பாக இருக்க வழியில்லை. தங்கைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தால் அவள் இரண்டாம் வகுப்பு.

இனி ஆட்களின் பெயர். முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு இதில்தான். கேடென்லைவில் க்ளிப்புக்குக் கலர் டேக் போடலாம், நட்சத்திரம் கொடுக்கலாம், டேக் வைத்து வடிகட்டலாம். உற்சாகத்தில் ‘அருவங்காட்டு அத்தை’ என்று ஒரு டேக் போட்டேன். மாமா அங்கே கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோயம்புத்தூர் போய்விட்டார்கள். அடுத்த மாதமே அதே ஆளுக்குக் ‘கோயம்புத்தூர் அத்தை’ என்று இன்னொரு டேக் போட்டிருக்கிறேன்! என் மகனுக்கோ அவர் பாட்டி. ‘அண்ணன் கல்யாணம்’ என்று வைத்ததும் அப்படித்தான். என் அண்ணனா, அப்பாவின் அண்ணனா என்று ஆறு மாதம் கழித்து எனக்கே தெரியவில்லை. உறவுமுறை பார்ப்பவரைப் பொறுத்து மாறும், ஊரும் மாறும். இப்போது முழுப்பெயரும் முதலெழுத்தும் மட்டும்தான். ‘ஊட்டி’, ‘உதகை’ இரண்டும் கலந்து கிடந்ததையும் ஒன்றாக்கினேன், இல்லாவிட்டால் தேடும்போது பாதி விடுபடும்.

பெயர் வைப்பதை எடிட்டிங்குக்கு முந்திய தனி வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி உட்கார்ந்து மூன்று கேசட்டிலேயே சலித்துப்போனேன். டைம்லைனில் வெட்டும்போதுதான் ஒரு க்ளிப்பை நாம் உண்மையிலேயே பார்க்கிறோம். அந்த நேரத்தில் அங்கேயே ஒரு மார்க்கர் வைத்துக் குறிப்பை எழுதிவிட வேண்டும். நீளமான க்ளிப்புக்கு டேக்கைவிட மார்க்கர்தான் உதவும். 14 நிமிடக் கல்யாணக் க்ளிப்பில் ஒருவர் நான்கு விநாடி வந்து போவார். டேக் க்ளிப்பைக் காட்டும், மார்க்கர் அந்த விநாடியையே காட்டும்.

சாயங்காலம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். பந்தியில் சாம்பார் ஊற்றும் ஒரு கை, முகம் ஃப்ரேமுக்கு வெளியே. “நிறுத்து. அது உங்க தாத்தா கை. அந்தச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாரு” என்றார் அம்மா. தாத்தா அசையும் படம் எங்களிடம் வேறெதுவும் இல்லை. மார்க்கரில் அவர் பெயரை எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

ஓர் எச்சரிக்கை. டேக், மார்க்கர், நட்சத்திரம் எல்லாம் கேடென்லைவின் புராஜெக்ட் கோப்பில்தான் இருக்கும், வீடியோவுக்குள் போகாது. புதிய புராஜெக்ட் திறந்தால் க்ளிப்புகள் வெறுமையாக வந்து நிற்கும். க்ளிப்புகளை அடுக்கிக் காட்டும் புராஜெக்ட் பின்னில் (Project Bin) க்ளிப் பெயரை மாற்றினாலும் டிஸ்கில் இருக்கும் கோப்புக்குப் பழைய பெயர்தான். அதனால் தேதி, இடம், முக்கியமான ஒரு பெயர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் இம்போர்ட் செய்கிறேன். புராஜெக்ட் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துதான், அளவு சின்னது. அதற்கு வாரம் ஒரு பிரதி இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள்.

மிகத் தாமதமாக ஒரு டேக் சேர்த்தேன்: ‘அப்பா குரல்’. கேமரா எப்போதும் அவர் கையில் இருந்ததால் அவர் படத்தில் மிகக் குறைவு. ஆனால் “கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் பின்னாடி இருக்கு” என்று லென்ஸுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். முதல் இரண்டு வருடம் இந்தப் பேச்சை இடைஞ்சல் என்று வெட்டி, அதன்மேல் இசை போட்டிருந்தேன். மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருந்ததால் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அந்த டேக்கில் இதுவரை 112 க்ளிப்புகள்.

இன்னும் ஒன்பது க்ளிப்புகள் ‘யார்?’ என்ற டேக்கில் நிற்கின்றன. தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தைமார் மூவரும் வருகிறார்கள். லேப்டாப்பை அன்றைக்குக் கூடத்திலேயே வைக்கப்போகிறேன்.