கடலோர வீட்டு ஹோம் தியேட்டருக்கு எந்த ஆம்ப்: ரிசீவரா, கிளாஸ் டியா, அசெம்பிள் செட்டா?

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் 5.1 ஸ்பீக்கர் செட்டுக்கு (ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) ஆம்ப் தேடுகிறவர்களுக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. சிக்னலைப் பிரிக்கும் டீகோடரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் கம்பெனி ஏ.வி. ரிசீவர் ஒன்று. கரண்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓடும், கையடக்கமான கிளாஸ் டி ஆம்ப் இன்னொன்று. மூன்றாவது, உள்ளூரிலேயே போர்டு போட்டு அசெம்பிள் செய்த, வழக்கமான டிரான்சிஸ்டர் முறையான கிளாஸ் ஏபி பவர் ஆம்ப், கூடவே தனியாக ஒரு டீகோடர் பெட்டி. என் வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எடுத்தது மூன்றாவதை. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், காரணத்தோடு.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அட்டைப்பெட்டியில் 5000 வாட் என்று போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு எடுக்க முடிவதே மொத்தம் 1380 வாட்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் வரும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தாலும் 95க்குக் குறையாது. நம் வீட்டு ஹாலுக்கு இது தாராளம். சேனலுக்கு நிஜமான 40, 50 வாட் இருந்தால் போதும், மூன்று வழியிலும் அது கிடைக்கும்.

வசதியில் ரிசீவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செட்டாப் பாக்ஸ், கேம், பிளேயர் எல்லாவற்றையும் எச்.டி.எம்.ஐ.யில் செருகி ஒரே ரிமோட்டில் மாற்றலாம். கூட வரும் மைக்கை சோபாவில் வைத்தால் ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் அதுவே அளந்து சரி செய்துகொள்ளும். எந்த ஃப்ரீக்வென்சிக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை மெனுவிலேயே வைக்கலாம். வாட்டிலும் நல்ல கம்பெனிகள் ஏமாற்றுவதில்லை, ஆனால் வரியை முழுதாகப் படிக்க வேண்டும். யமஹா ஆர்எக்ஸ்-வி385ஐ எடுத்துக்கொண்டால், அதில் சொல்லும் 70 வாட் 6 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது உள்ள கணக்கு. ஐந்தும் சேர்ந்து முழங்கும்போது அவ்வளவு வராது. வீட்டில் அது பெரிய குறையும் இல்லை.

இவ்வளவு நல்லது இருந்தும் நான் ரிசீவரை விட்டதற்கு ஒரே காரணம் உப்புக்காற்று.

கடற்கரை வீட்டில் செம்புக் கம்பி எவ்வளவு சீக்கிரம் களிம்பு பிடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வயரின் முனையைச் சீவி டெர்மினலில் செருகி, ஒரு மழைக்காலம் போனபின் கழற்றினால் நுனி கறுத்துப் பச்சை பூத்திருக்கும். அதே காற்றுதான் ஆம்ப்பின் உள்ளேயும் போகிறது. ரிசீவருக்குள் எச்.டி.எம்.ஐ. போர்டும் டிஜிட்டல் போர்டும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை இணைப்பது தலைமுடி அகலத்துக்கு நெருங்கிய பின்களும் தட்டை ரிப்பன் வயர்களும். ஒரு பின்னில் உப்பும் ஈரமும் சேர்ந்து அரித்துவிட்டால் போதும், பவர் பகுதி நன்றாக இருந்தாலும் செட் எழுந்திருக்காது.

எங்கள் வீட்டில் முன்பிருந்த ரிசீவருக்கு இதுதான் நடந்தது. கடலூர் முதுநகரில் ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் மூடியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுல கை வைக்க இடமே இல்ல. போர்டையே மாத்தணும், அதுக்கு மெட்ராஸ்தான்." அவ்வளவு கனமான பெட்டியை ஈ.சி.ஆர். வழியாகத் தூக்கிக்கொண்டு போனால், பழைய மாடலுக்கு போர்டு வருவதில்லை என்றார்கள். ஆம்ப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் உயிரோடு இருக்க, மொத்த செட்டும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

இதற்குப் பிறகுதான் தலையையும் உடம்பையும் பிரித்து வைப்பது என்று முடிவு செய்தேன். டீகோடர்தான் தலை. டிவி சத்தத்தை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஆர்க் போர்ட்டிலிருந்து டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். சரவுண்டு சிக்னலை வாங்கி, ஆறு ஆர்.சி.ஏ. பின்னில் தனித்தனியாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி அது. சீக்கிரம் பழசாவதும் உப்புக்குப் பயப்படுவதும் அதுதான். போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பவர் ஆம்ப் அப்படியே இருக்கும். அதில் பழசாவதற்கு எந்த ஃபார்மட்டும் கிடையாது.

அசெம்பிள் ஆம்ப்பின் உள்ளே இருப்பவை பெரிய பெரிய சாமான்கள். என்னுடையதில் சேனலுக்கு ஒரு ஜோடி 5200, 1943 டிரான்சிஸ்டர். நல்ல உறுதியான பாகம், ஊருக்கு ஊர் கிடைக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, மைக்கா தாளைத் துடைத்து, வெள்ளை பேஸ்ட் தடவிப் புதுசு மாட்டினால் வேலை முடிந்தது. அண்ணன் அதை உடனே கரண்ட்டில் செருக மாட்டார். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் ஆன் செய்வார். பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் செட் சரி. பளீரென்று எரிந்தபடி நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இந்தச் சோதனை தெரிந்த ஆள் முதுநகரிலும் இருப்பார், பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையிலும் இருப்பார். எனக்கு ஆம்ப் தேர்வில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

கரண்ட்டும் ஒரு காரணம். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் பகுதி இது. லைன் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் கொஞ்சம் தாங்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சத்தம் குறையும், செட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் புயல் நாளில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் நல்லது.

அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள் நான்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் காப்பர் வைண்டிங்காக இருக்கட்டும். 24-0-24 வோல்ட், 10 ஆம்பியர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னே சொன்ன 40, 50 வாட் வரும். 5200லும் 1943லும் போலி நிறைய உலவுகிறது, விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் வாங்க வேண்டாம். ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு கட்டாயம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 30 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நேராக ஸ்பீக்கருக்குப் போய் காயிலைக் கருக்கிவிடும். 1237 ஐசி போட்ட போர்டு அதைக் கண்டு ரிலேயைத் துண்டிக்கும். அப்புறம், போர்டின் சாலிடர் பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், கடலோரத்துக்கு அது அவசியம்.

குறையும் இருக்கிறது. மைக் வைத்து அளக்கும் வசதி இல்லை, ஒவ்வொரு சேனலையும் காதால் கேட்டு நாமேதான் சரி செய்ய வேண்டும். மேலிருந்து சத்தம் வரும் அட்மாஸ் உயரச் சேனல்கள் வேண்டுமென்றால் இந்த வழி ஒத்துவராது. நெய்வேலி, விருத்தாசலம் என்று கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களிடம் நான் ரிசீவரையே வாங்கச் சொல்வேன். மறுவிற்பனையில் அசெம்பிள் செட்டுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் எச்.டி.எம்.ஐ. பழசான ரிசீவருக்கும் அதே கதிதான்.

கிளாஸ் டி பற்றி அளவாகத்தான் சொல்ல முடியும். கரண்ட்டில் சுமார் 90 சதவீதம் ஸ்பீக்கருக்கே போவதால் அதிகம் சூடு ஏறாது, இன்வெர்ட்டரில் படம் பார்ப்பவர்களுக்கு நல்ல சௌகரியம். 3255 சிப் போட்ட ஆம்ப்பை லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டில் கேட்டேன், சத்தம் சுத்தமாக, அழுத்தமாக இருந்தது. அதன் 300 வாட் கணக்கு 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (சத்தச் சிதைவில்) என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு சேனலாக வருவதால் 5.1க்கு மூன்று பெட்டி அடுக்க வேண்டியிருக்கும். சிப் போனால் போர்டோடு மாற்ற வேண்டியதுதான். உப்புக்காற்றில் அது எத்தனை வருஷம் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அதனால் சப்வூஃபருக்கு மட்டும் ஒரு கிளாஸ் டி போர்டு போட்டிருக்கிறேன். அது நின்றாலும் மற்ற ஐந்து சேனலில் படம் ஓடும். ஐந்தையும் அதற்கு மாற்றுவதாக இருந்தால், இன்னும் சில மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான்.