இன்டெம்னிட்டி பாலிசி: வக்கீலுக்கு முழு மார்க், ஏஜென்ட்டுக்குப் பூஜ்யம்

திருச்சியில் வீடுகளுக்கும் சின்ன அபார்ட்மெண்டுகளுக்கும் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். அப்போதே எடுத்திருக்க வேண்டிய புரொஃபெஷனல் இன்டெம்னிட்டி பாலிசியை (நம் தொழில் தவறுக்கு யாராவது நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் இன்சூரன்ஸ்) 2021-இல்தான் எடுத்தேன். 50 லட்சம் வரையான காப்புக்கு ஜிஎஸ்டி சேர்த்து வருடம் ஏறக்குறைய 20,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம்.

2023-இல் அதற்கு வேலை வந்தது. நான் டிசைன் செய்த ஒரு வீட்டின் போர்டிகோ ஸ்லாப் சுவரோரம் மேல்பக்கம் விரிசல் விட்டு, முனை தொங்கியது. இப்படி ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு நீட்டி நிற்கும் கான்டிலீவர் ஸ்லாபில் மெயின் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். டிராயிங்கில் சரியாகத்தான் இருந்தது. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் 'சேர்' வைக்காமல் கான்கிரீட் போட்டவர்கள், மிதித்து மிதித்தே கம்பியைக் கீழே இறக்கிவிட்டார்கள். அன்று கம்பி செக் பண்ணப் போக வேண்டிய நான் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்தது.

கம்பெனி வைத்த வக்கீல் கெட்டிக்காரர். கிளெய்மை விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர்தான் குடைந்தார்: "சைட்டுக்குப் போனதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?" வாட்ஸ்அப்பில் "மேஸ்திரி, சேர் வைங்க" என்று நான் அனுப்பிய ஒரு வரிதான் கைகொடுத்தது. என் பங்காக 3 லட்சத்தில் பேசி முடித்தார்கள். முதல் 50,000 என்னுடையது. மீதியும் வக்கீல் ஃபீஸும் கம்பெனி கணக்கு.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டதுதான் எரிச்சல். கேஸ் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். வேலையும் ரெட்ரோ தேதிக்கு, அதாவது எந்த நாள் முதலான வேலைகளை பாலிசி ஏற்கிறதோ அந்தத் தேதிக்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும். என் 2018 வேலைகளுக்கு ஒன்றுமே கிடையாது! ஒரு வருடம் ரினியூ பண்ணாமல் விட்டால் பழைய தேதியும் போய்விடும். கிரிமினல் கேஸில் தண்டனை வந்தால் அது நம் தலையில்தான்.

இன்னொன்று. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, சாவி கொடுத்து 5 வருடத்துக்குள் ஸ்ட்ரக்சரில் குறை வந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அதனால் "எந்தக் குறைக்கும் நானே முழுப் பொறுப்பு" என்று நம்மிடம் லெட்டர் வாங்கிக்கொள்கிறார்கள். இப்படி நாமாகத் தலையில் ஏற்றிக்கொண்ட பொறுப்புக்குப் பாலிசி பணம் தராது. நான் நாலு லெட்டர் கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. இந்த மாதம் ரினியூவல். ஒரு கோடியாக ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ரெட்ரோ தேதி 2021 என்று அச்சில் பார்த்த பிறகுதான் செக்.