முன்னால் தங்கம், பின்னால் தகரம்: பெங்களூரில் பேக்லிட் போர்டு வைக்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் கடைக்கோ கிளினிக்குக்கோ ஸ்டீல் எழுத்து போர்டு வைக்கும் யோசனை இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எழுத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து சுவரில் படருமே, அந்த வகை போர்டைத்தான் சொல்கிறேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில், இந்திராநகரில் பெரிய கடைகளில் பார்த்திருப்பீர்கள். சரியாகச் செய்தால் அழகு. அதில் ஏமாற்றுவதும் ரொம்பச் சுலபம், ஏனென்றால் போர்டின் உயிர் முழுக்க எழுத்தின் முதுகில் இருக்கிறது. சுவரில் ஏற்றிவிட்டால் அதை யாரும் பார்க்க முடியாது.

அல்சூரில் அக்காவும் நானும் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறோம். பழைய ஃப்ளெக்ஸ் போர்டில் ஆங்கிலம் பெரிதாகவும் கன்னடம் பொடியாகவும் இருந்தது. 2023 டிசம்பரில் ஆங்கில போர்டுகளை உடைத்த கலாட்டா நினைவிருக்கும். அப்புறம் மாநகராட்சி 2024 பிப்ரவரி 28 என்று கெடு வைத்தது, போர்டில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல்பாதியில் என்று சட்டத்திருத்தமும் வந்தது. அப்போதைக்கு ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்தோம். கடையைப் புதுப்பித்தபோது, போர்டையும் ஒரேயடியாக நல்லதாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

போர்டு செய்து தர வந்தவர் கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர். பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. "நம்ம ஊர்க்காரங்ககிட்ட போய் லாபம் பார்ப்பேனாக்கா?" என்று அக்காவிடம் ஆரம்பித்தார். 304 கிரேடு ஸ்டீல், டைட்டானியம் கோல்டு கோட்டிங், தண்ணீர் புகாதபடி அடைத்த சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குக் கட்டிகள் (மாட்யூல்), 2 வருட வாரண்டி. இந்தத் தொழிலில் விலையை எழுத்தின் உயரத்துக்கு இஞ்சுக் கணக்கில் சொல்வார்கள். எங்களுக்கு இஞ்சுக்கு 140 ரூபாய். 15 இஞ்ச் கன்னட எழுத்து ஒன்று 2,100 ரூபாய் ஆகிறது.

முதல் வேலை இங்கேயே காட்டினார். எங்கள் கடைப் பெயர் கன்னடத்தில் 7 எழுத்து. பில்லில் 11. கேட்டால், கீழே தொங்கும் ஒத்தெழுத்து (கன்னடக் கூட்டெழுத்தில் அடியில் சின்னதாக வரும் மெய், சுருக்கமாக ஒத்து) தனிப் பீஸாம், பக்கத்தில் வரும் குறி தனிப் பீஸாம். ஒரு நியாயம் இருக்கிறது, தனியாக வெட்டி, தனியாக ஒயர் இழுத்து, தனியாக ஸ்டட் (தாங்கு கம்பி) வைத்து நிறுத்த வேண்டும்தான். ஆனால் 4 இஞ்ச் உயரமுள்ள ஒத்துக்கு 15 இஞ்ச் விலை போட்டிருந்தார். இந்த ஒரு வரியில் மட்டும் 8,400 ரூபாய். கொட்டேஷன் வாங்கும்போதே எழுத்தை எப்படி எண்ணுவீர்கள், ஒத்துக்கு எந்த உயரம் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து காந்த வித்தை. எழுத்துகளைக் கொண்டு வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாருங்க சார், ஒரிஜினல் 304." பார்க்கிறவர்கள் அசந்துதான் போவார்கள். விஷயம் என்னவென்றால் 201, 202 கிரேடு ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304-ல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், அதனால் விலை குறைவு, வெளியில் மழை பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் துளி மருந்து விற்கிறார்கள். பின்னால் பீன்யாவில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் எங்கள் எழுத்தின் மேல் ஒரு துளி விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தார்கள். அந்த இடம் சட்டென்று சிவந்தது. 304 என்றால் அப்படிச் சிவக்காது. உள்ளே வைக்கிற போர்டுக்கு 202 போதும், அதில் தப்பில்லை. 304 விலைக்கு 202-ஐத் தலையில் கட்டுவதுதான் தப்பு.

மாட்டிய அன்று இரவு போர்டு ஜொலித்தது. போட்டோ எடுத்தார், பாக்கிப் பணத்தை வேறு யாரோ பெயரிலிருந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

கொஞ்சம் பழகியதும்தான் கண்ணில் பட்டது: எழுத்தைச் சுற்றி வெளிச்சம் ஒரே சீராகப் பரவவில்லை, பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. காரணம் இரண்டு. சுவரிலிருந்து எழுத்து தள்ளி நிற்க வேண்டிய தூரம் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச். அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் விரியும். எங்களுக்கு வைத்த ஸ்பேசர் அரை இஞ்ச்கூட இல்லை. இரண்டாவது, பின்னணிக்குப் பளபளப்பான கறுப்பு ஏ.சி.பி. ஷீட் (பிளாஸ்டிக் நடுவில் வைத்து இருபுறமும் அலுமினியம் ஒட்டிய பலகை). "கறுப்புல கோல்டு வெச்சா ரிச்சா இருக்கும்" என்று அவரே தேர்ந்தெடுத்தது. பகலில் ரிச்தான். இரவில் இந்த வகை எழுத்தின் முகம் இருட்டாக இருக்கும், சுற்றியுள்ள சுவர் ஒளிர்ந்தால்தான் எழுத்தின் வடிவம் தெரியும். பளபளப்பான கறுப்பு ஷீட், படும் வெளிச்சத்தைப் பரப்பாமல் உள்ளேயிருக்கும் எல்.இ.டி. புள்ளிகளை அப்படியே கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுத்தது. வெளிர் நிறத்தில், மினுமினுப்பு இல்லாத பரப்புதான் இதற்கு ஏற்றது. கன்னட எழுத்துகளின் சின்ன வளைவுகள், ஒத்து எல்லாம் இரவில் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டன. எதிரே பூ விற்கும் அம்மா "என்ன கடைன்னே தெரியலையேப்பா" என்றார்.

மே மாத மழை வந்தது. முதல் பெரிய மழையிலேயே பாதி எழுத்து அவிந்தது, மீதி கண் சிமிட்டியது. அடுத்த வாரம் மூலைகளிலிருந்து காபிக் கறை போல ஒழுக ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஷட்டரை இழுத்த பையனுக்குக் கையில் ஜிவ்வென்று ஷாக் அடித்தது. அன்றைக்கே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனை வரவழைத்து எழுத்துகளைக் கழற்றினோம்.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். மாட்யூல் என்று ஒன்றுகூட இல்லை. வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஒட்டுகிற எல்.இ.டி. பட்டை, தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாதது, பசையில் நின்றுகொண்டிருந்தது. பாதி இடத்தில் பசை விட்டுத் தொங்கியது. கொட்டேஷனில் ஐ.பி. 67 என்று இருந்தது. அதில் 6 என்றால் தூசு புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். எழுத்தின் பின்பக்கத்தை மூட பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) ஷீட் கிடையாது. இணைப்புகள் எல்லாம் முறுக்கி டேப் சுற்றியவை. வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, கடைக்குள் வைக்கும் ஓட்டை போட்ட வகை, ஒரு பால் கவரில் சுற்றி ஏ.சி.பி.க்குப் பின்னால் சொருகியிருந்தார்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 60 வாட். ஒட்டியிருந்த பட்டையே அதைவிட அதிகம் இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். 230 வோல்ட் உள்ளே போகும் அந்தப் பெட்டிக்கும் எர்த் இல்லை, இரும்பு ஃபிரேமுக்கும் எர்த் இல்லை. ஷாக் வந்த வழி அதுதான். டைட்டானியம் கோட்டிங்கின் கதையையும் எலக்ட்ரீஷியன் முடித்து வைத்தார். துணியில் தின்னர் தொட்டுத் தேய்த்தார், தங்கம் துணிக்கு வந்துவிட்டது. நிஜமான கோட்டிங் தின்னருக்கு அசையாது.

போன் செய்தால், முதலில் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம், வாரண்டி எல்.இ.டி.க்கு மட்டும்தான், சாரம் கட்டுவதற்கும் ஆள் கூலிக்கும் தனி. அப்புறம் எண்ணே பிளாக். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலித்திருந்தார். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பதிவு ரத்தாகி வெகுகாலம் ஆகியிருந்தது. இது யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது, லாக்கின்கூட வேண்டாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். "வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் கேஸ் நிக்காது" என்று அந்த ஆள் எங்களிடமே சட்டம் பேசினார். 2019 சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது உண்மை. அதே பிரிவில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவர் அதற்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. அக்காவும் நானும் சேர்ந்து நடத்தும் கடைக்கு அதைத்தான் வாதமாக வைத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

புது போர்டை பீன்யா பட்டறையில் செய்தோம். வெளிர் சாம்பல் நிற மேட் ஷீட், ஒன்றரை இஞ்ச் ஸ்பேசர், கன்னட எழுத்தின் கோடுகளைக் கொஞ்சம் தடிமனாக்கி வரைந்தார்கள், தண்ணீர் நின்றால் வடிய அடியில் சின்ன ஓட்டை, எஸ்.எம்.பி.எஸ். கடைக்குள்ளே. மாட்டும் முன் எழுத்துகளைத் தரையில் கவிழ்த்து வைத்து எரியவிட்டு, முதுகைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் கேட்கவே இல்லை, அவர்களாகவே சொன்னது. இதைச் செய்ய மறுக்கிற ஆளிடம் போர்டு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அந்தப் பழைய ஆள் இப்போது கம்மனஹள்ளி, பானஸ்வாடிப் பக்கம் வேறு பெயரில் ஆர்டர் பிடிப்பதாகத் தெரிகிறது. கறுப்பு ஷீட்டில் தங்க எழுத்து, மேலே கன்னடம், கீழே ஆங்கிலம், ஓரத்தில் மூக்குக்கண்ணாடிப் படம்: இந்தப் போட்டோவை சாம்பிள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எங்கள் கடை, முதல் நாள் இரவு எடுத்தது. ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் கொட்டேஷன், யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் மனு எண்ணைத் தருகிறேன்.