கெடலோனா, காம்பஸ் கல்லியா, டென்மார்க்கா: மத்தியகால வேலைய கையால தொட்டுப் பார்க்க எங்க போறது?

மத்தியகால ஐரோப்பாவ மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி பார்த்துப் பார்த்து சலிச்சுப் போனவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். வாள் இருக்கும், கவசம் இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன அட்டை இருக்கும், ஆனா அத எப்படி அடிச்சாங்க, அடிக்கும்போது எவ்வளவு சத்தம், எவ்வளவு புகை, எத்தன பேரு எத்தன நாள் நின்னாங்கன்னு ஒண்ணும் பிடிபடாது. அந்தக் காலத்து வேலைய இன்னைக்கும் அப்படியே செய்யுற, முடிஞ்ச அளவு நம்மளையும் செய்ய விடுற இடங்கள் சிலது இருக்கு. நாங்க ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கறதால கடந்த சில வருஷத்துல மூணு இடத்துக்கு குடும்பத்தோட போயிட்டு வந்தோம்: பிரான்ஸ்ல கெடலோன், ஜெர்மனியில காம்பஸ் கல்லி, டென்மார்க்ல மிடெல்ஆல்டர்சென்டர். லீவு வந்தா "இதுல எந்த இடத்துக்குப் போகலாம்?"னு யாராவது கேக்கறாங்க, போன்ல பாதி சொல்லி பாதி விட்டுப்போகுது, அதனால மொத்தமா ஒரே இடத்துல.

முதல்ல கெடலோன், இதப் பத்தித்தான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு. பர்கண்டியில ட்ரெய்ன்யிங்கற கிராமத்துக்குப் பக்கத்துல, காட்டுக்குள்ள, ஒரு கைவிட்ட கல்குவாரியில 1997ல ஒரு கோட்டைய அஸ்திவாரத்துலேர்ந்து புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க. பழைய கோட்டைய பழுது பாக்கறது இல்ல, அங்க அதுக்கு முன்னாடி கோட்டையே கிடையாது. பக்கத்துல இருக்கற சான் ஃபர்ஜோ கோட்டைய வாங்கி சீர்படுத்தின மிஷேல் கியோவும் மரிலின் மார்ட்டானும் சேர்ந்து தொடங்கின வேலை இது. கில்பெர்னு ஒரு சின்ன பிரபு 1228ல கட்ட ஆரம்பிச்சதா ஒரு கற்பனைக் கதை வெச்சுக்கிட்டாங்க, அதனால 13ஆம் நூற்றாண்டுல இல்லாத முறை எதையும் கட்டுமானத்துல சேர்க்க மாட்டாங்க. கல்லு, மணல், களிமண், கருவாலி (ஓக்) மரம், தண்ணி எல்லாம் அந்த இடத்துலயே கிடைக்குது, இடத்த தேர்ந்தெடுத்ததே அதனாலதான்.

உள்ள போனா முதல்ல காதுக்குத்தான் வேலை. குவாரி பக்கம் ஒருத்தர் கல்ல சுத்தியலால தட்டி சத்தத்த கேட்டு பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அங்க கல்லுக்கு மூணு ரகம், பிஃப், பாஃப், பூஃப். கிணுங்குனு கேட்டா பிஃப், அதுதான் கெட்டி. மொத்துனு கேட்டா பூஃப், அது மெத்து. அவரு மூணையும் தட்டிக் காட்டி முடிச்சதும் என் பொண்ணு (அப்போ அவளுக்கு பத்து வயசு) கண்ண மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா, நாலுல மூணு சரி. புத்தகத்துல எத்தன பக்கம் படிச்சாலும் வராத ஒரு விஷயம் அந்த ரெண்டு நிமிஷத்துல அவ காதுக்குள்ள போய் உக்காந்துடுச்சு.

அப்புறம் அளவு. டேப் கிடையாது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஒரே அளவுகோல் குச்சி, அதுல உள்ளங்கை, சாண், பாதம், முழம்னு கோடு போட்டிருக்கு. நமக்கு இதுக்கு விளக்கமே வேண்டியதில்ல, சாணும் முழமும் நாம பேசிப் பழகின வார்த்தைங்கதானே. மூலைய நேரா பிடிக்க பதிமூணு முடிச்சு போட்ட ஒரு கயிறு, நடுவுல பன்னெண்டு சம இடைவெளி, அத மூணு நாலு அஞ்சுன்னு முக்கோணமா இழுத்துப் பிடிச்சா ஒரு மூலை சரியா செங்கோணம் ஆயிடும். ஸ்கூல்ல பிதாகரஸ் தேற்றத்த மனப்பாடம் பண்ணினப்ப இத யாராவது ஒரு கயிறு குடுத்து காமிச்சிருக்கலாமேன்னு எனக்கு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு.

மேல கல்லு ஏத்தறது மரச் சக்கரத்த வெச்சு. சக்கரத்துக்குள்ள ஆள் நடக்க நடக்க கயிறு சுத்திக்கிட்டு கல்லு மெதுவா ஏறுது, கீழ நிக்கறவங்க யாரும் பேசல, எல்லார் கண்ணும் அந்தக் கயித்து மேலதான். வேலை செய்யுறவங்க பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் போட்டிருப்பாங்க, இன்னைய சட்டப்படி அது கட்டாயம். சிலருக்கு அது 13ஆம் நூற்றாண்டு உணர்வ கெடுக்குதாம். எனக்கு அப்படி தோணல. ஏன்னா அவங்க நடிக்கறவங்க இல்ல, சம்பளத்துக்கு நெஜமான சாரத்து மேல நெஜமான சுவர் எழுப்புறவங்க, கல்லு விழுந்தா நெஜமாத்தான் விழும்.

இதுல இன்னொரு விஷயமும் சொல்லணும். 2019 ஏப்ரல்ல பாரிஸ் நோத்ர் தாம் கூரை எரிஞ்சு போச்சு இல்லையா, அத திரும்ப கட்டும்போது பச்சைக் கருவாலி மரத்த கோடாரியாலயே செதுக்கி உத்திரம் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்க தேவைப்பட்டாங்க. கெடலோன்ல வேலை கத்துக்கிட்ட தச்சர்கள் சிலர் அங்க போய் சேர்ந்தாங்க. 2024 டிசம்பர்ல தேவாலயம் திறந்தப்ப டிவியில அந்த மேற்கூரைய காமிச்சாங்க, நாங்க வீட்ல எல்லாரும் எழுந்து நின்னு பார்த்தோம். காட்டுக்குள்ள "இதெல்லாம் எதுக்கு?"னு ஆரம்பத்துல கேட்டவங்களுக்கு அதவிட என்ன பதில் வேணும்.

குறையும் சொல்லிடுறேன். வருஷத்துக்கு மூணு லட்சம் பேர் அளவுக்கு வர்ற இடம், அந்த டிக்கெட் காசுலதான் கோட்டையே எழும்புது, அதனால ஆகஸ்ட்ல கூட்டம் தாங்காது. விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சுலதான். முக்கியமா, நாள் டிக்கெட்ல போறவங்க கைக்கு கிடைக்கறது கம்மி. பசங்களுக்கு உளியும் சுத்தியலும் குடுத்து கல்லு செதுக்க விடுற ஒரு பட்டறை இருக்கு, அதுக்கு மேல வேணும்னா பெரியவங்க முன்கூட்டியே பதிவு பண்ணி சில நாள் தங்கி கொத்தனார்களோட சேர்ந்து வேலை செய்யலாம். நான் இன்னும் பண்ணல, பண்ணணும்.

காம்பஸ் கல்லி வேற மாதிரி. மெஸ்கிர்ஷ்னு ஒரு சின்ன டவுன், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்க, அது பக்கத்து காட்டுல 2013ல ஆரம்பிச்சது. கெடலோன பார்த்துத்தான் இந்த யோசனைக்கே தைரியம் வந்துச்சு. ஆனா இங்க கட்டுறது கோட்டை கிடையாது, 9ஆம் நூற்றாண்டு மடாலயம், அதுவும் ஒரு பழைய வரைபடத்த வெச்சு. அந்த வரைபடத்தோட கதையே தனி. கான்ஸ்டன்ஸ் ஏரியில இருக்கற ரைஹெனாவ் தீவு மடத்துல 9ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அஞ்சு தோல் துண்ட ஒண்ணா தைச்சு அதுல வரைஞ்சு சாங்ட் காலன் (இன்னைய சுவிட்சர்லாந்து) மடாதிபதி கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பினது, இன்னைக்கும் சாங்ட் காலன் மடத்து நூலகத்துல இருக்கு. பின்பக்கத்துல பிற்காலத்துல யாரோ ஒரு துறவி புனித மார்ட்டின் வரலாற எழுதி வெச்சாரு, தோல தூக்கிப் போடாம பாதுகாத்ததே அதனாலதான்னு சொல்றாங்க. அதுல தேவாலயம் மட்டும் இல்ல, ரொட்டிக்கூடம், பீர் காய்ச்சுற இடம், கோழிக்கூடு, வாத்துக்கூடு, மருந்துச் செடி பாத்தி, வைத்தியமா ரத்தம் எடுக்க தனி வீடு, எல்லாமே இருக்கு. இடுகாட்டுக்குள்ள ஆப்பிள், பேரிக்காய்னு பழ மரங்க வெச்சிருக்கு, எனக்கு அந்தப் படத்துலயே ரொம்பப் பிடிச்சது அதுதான். இன்னொரு குழப்பம் பாருங்க, தேவாலயத்த படத்துல அளந்தா சுமார் 300 அடி வருது, ஆனா அதே படத்துல எழுதியிருக்கறது 200 அடி. இந்த மடத்த அந்தக் காலத்துல யாரும் கட்டவே இல்ல.

இந்த திட்டத்த தொடங்கின பெர்ட் கோய்ர்ட்டென் சின்ன வயசுல ஆஹென் நகரத்துல ஒரு கண்காட்சியில இந்த மடத்தோட மாதிரிய பார்த்துட்டு அப்படியே மனசுல வெச்சிருந்தாராம். 2018ல இறந்துட்டாரு. நாப்பது வருஷம் ஆகும்னு கணக்குப் போட்ட வேலை, அவரு பார்த்தது தொடக்கம் மட்டும்தான்.

இங்க முதல் தடவை போறவங்க ஏமாந்துடுவாங்கன்னு நேராவே சொல்றேன். பெரிய கோபுரம் கிடையாது. ஒரு மரத் தேவாலயம், ஒரு பெரிய களஞ்சியம், காட்டுக்குள்ள அங்கங்க பட்டறைங்க, சேறு, மாடு பூட்டின வண்டி, அவ்வளவுதான். பெரிய கல் தேவாலயம் இன்னும் வரப்போற வேலை. ஆனா கூட்டம் கம்மி, அதனால ஆளுங்ககிட்ட நின்னு பேசலாம், அதுதான் இந்த இடத்தோட பலம். நூல் நூக்குற ஒரு அம்மா என் பொண்ணு கையில தக்கிளிய குடுத்துட்டு அவங்க பாட்டுக்கு பக்கத்துல உக்காந்து அவங்க நூல நூத்துக்கிட்டே இருந்தாங்க, இவ நூல் அறுந்து அறுந்து விழுந்துச்சு, அவங்க ஒண்ணும் சொல்லல, அறுந்த நூல எடுத்து ஒட்டிக் குடுத்துட்டு மறுபடி அவங்க வேலை. முக்கால் மணி நேரம் அப்படியே போச்சு. கடைசியில கோணல்மாணலா ஒரு முழ நூல் வந்துச்சு, அத இன்னும் பென்சில் டப்பாவுல வெச்சிருக்கா. ஒரு சட்டைக்கு எவ்வளவு நூல் வேணும்னு அவங்ககிட்ட கேட்டா, அவங்க சிரிச்சுட்டு "குளிர்காலம் முழுக்க"ன்னாங்க.

டென்மார்க் பத்தி சுருக்கமாவே சொல்லலாம், ஏன்னா அங்க எல்லாமே கண்ணுக்கு முன்னாடி நடக்குது. நிக்கோபிங் ஃபால்ஸ்டர் ஊருக்கு எதிர்க்கரையில, லோலாண்ட் தீவு பக்கம் தண்ணி ஓரமா, 1400கள் தொடக்கத்துல இருந்த மாதிரி ஒரு சின்ன ஊரையே கட்டி வெச்சிருக்காங்க, அதுக்கு சுண்ட்கோபிங்னு ஒரு கற்பனைப் பேரு. எல்லாத்துக்கும் ஆரம்பம் 1989ல மறுபடி செஞ்சு பார்த்த ஒரு பெரிய கல்லெறி இயந்திரம், டேனிஷ்ல பிளீடெ. நம்ம கவணோட ராட்சச வடிவம்னு வெச்சுக்கோங்க, ஒரு பக்கம் டன் கணக்குல எடை நிரப்பின பெட்டி, மறுபக்கம் நீளமான மரக்கை, அதோட நுனியில கயித்துத் தொட்டில்ல கல்லு. எடை இறங்குற வேகத்துல கை சுழலும், தொட்டில் எந்தக் கோணத்துல அவிழுதோ அதுக்கு ஏத்த மாதிரி கல்லு உயரமாவோ தூரமாவோ போகும். அது கிளம்புறப்ப வர்ற மரச் சத்தம் வயித்துல கேட்கும்.

பசங்களுக்கு இங்கதான் கைநிறைய வேலை. வில்லு, மரக்கால் நடை, பழைய விளையாட்டு, எதையும் தொடாதேன்னு யாரும் சொல்றதில்ல. குதிரை மேல வீரர்கள் ஈட்டியோட மோதுற போட்டியும் உண்டு. பழைய பொறியாளர்கள் ஏட்டுல வரைஞ்சு வெச்ச கருவிகள செஞ்சு பார்க்குற ஒரு டெக்னாலஜி பார்க்கும் இருக்கு. கோடையில தன்னார்வலர் குடும்பங்க குழந்தை குட்டியோட வந்து அந்தக் காலத்து உடுப்புல அந்த வீடுகள்லயே தங்கி சமைச்சு சாப்பிடுறாங்க, சமையல்ல தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, கொலம்பஸ் கப்பலேறுறதுக்கு முந்தின காலம் ஆச்சே (நம்ம குழம்பு மிளகாயும் அதுக்கப்புறம் வந்ததுதான்). ஆனா பெரியவங்களுக்கு ஒரு குறை தெரியும், இங்க நேரப் பட்டியல் ஒண்ணு இருக்கு, மணி அடிச்சா இத பாரு, அடுத்த மணிக்கு அத பாருன்னு நாள் ஓடிடும், ஒரு ஆள் பக்கத்துல சும்மா நிக்க நேரம் கிடைக்கல.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்குப் படுறது இதுதான். நம்ம கை அதிகம் படுறது டென்மார்க்ல, ஆனா வேலைன்னா என்னன்னு அதிகம் புரியறது கெடலோன்ல, ஏன்னா அங்க அந்த வேலை நமக்காக நடக்கல, சுவருக்காக நடக்குது. அடுத்த வரிசைக் கல்லு சரியா உக்காரலன்னா அவங்களுக்கு அன்னைக்கு கவலை, நம்ம பார்த்தாலும் பாக்கலன்னாலும். இந்த வித்தியாசம் பசங்களுக்கு பெரியவங்கள விட சீக்கிரமா தெரியுது, கெடலோன்லேர்ந்து திரும்புற கார்ல என் பொண்ணு கேட்டது "அவங்க கட்டிக்கிட்டிருந்த கல் வளைவு முடிஞ்சிருக்குமா?"ன்னு, டென்மார்க்லேர்ந்து வர்றப்ப கேட்டது "மறுபடி எப்போ வில்லு விடலாம்?"னு. ரெண்டும் நல்ல கேள்விதான், ஆனா முதல் கேள்விக்காக நான் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவேன்.

போக்குவரத்துல டென்மார்க்தான் சுலபம், கோபன்ஹேகன்லேர்ந்து நிக்கோபிங்குக்கு ரயிலே இருக்கு, ஹாம்பர்க் பக்கத்துலேர்ந்து வர்றவங்க புட்கார்டன் துறைமுகத்துல கார ஃபெர்ரியில ஏத்தினா முக்கால் மணி நேரத்துல லோலாண்ட்ல இறங்கிடலாம். மத்த ரெண்டுக்கும் கார் இல்லாம போறது சிரமம். குளிர்காலத்துல மூணுமே மூடியிருக்கும், மத்த மாசத்துலயும் வாரத்துல சில நாள் லீவு விடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க. மழை பெய்ஞ்சா காம்பஸ் கல்லிக்கு பூட்ஸ் இல்லாம போகவே போகாதீங்க.

லண்டன் பக்கம் இருக்கறவங்க இவ்வளவு தூரம் வரணும்னு இல்ல, சசெக்ஸ்ல சிங்கிள்டன் கிராமத்துல வீல்ட் அண்ட் டவுன்லாண்ட்னு ஒரு இடம் 1970லேர்ந்து இருக்கு. அங்க இருக்கற பழைய வீடுங்க நெஜமானதே, வேற வேற ஊர்ல இடிக்க இருந்தத கழட்டி கொண்டு வந்து மறுபடி பூட்டினது. பேலீஃப்ங்கற 15ஆம் நூற்றாண்டு பண்ணை வீடு கென்ட்ல ஒரு நீர்த்தேக்கத்துக்குள்ள முழுகிப் போயிருக்க வேண்டியது. நடுக்கூடத்துல புகைபோக்கி இல்லாத அடுப்பு, புகை நேரா கூரைக்கு. நான் இன்னும் போகல, என் தம்பி போயிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்தான்.

ஆறேழு வயசுப் பசங்க இருந்தா யோசிக்காம டென்மார்க். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் முடியும்னா கெடலோன், ஜூன் இல்ல செப்டம்பர்ல, காலையில கதவு திறக்கறப்பவே உள்ள போயிடுங்க, நேரா குவாரிக்குப் போய் கல்லு சத்தத்த கேளுங்க, கூட்டம் சேர்ந்தா அது கேக்காது. ரெண்டு மணி நேர தூரத்துல குடியிருந்தா காம்பஸ் கல்லிக்கு ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம் போங்க. நாங்க இந்த அக்டோபர்ல மறுபடி போறோம், பென்சில் டப்பா நூல எடுத்துட்டுப் போய் அந்த அம்மாகிட்ட காமிக்கணும்னு என் பொண்ணு இப்பவே எடுத்து வெச்சுட்டா.