நாய் ரத்தத்துக்குக் குரோமியம் 3 பிரைம் கிட் (வி3.1): ஒரு மதிப்புரை

நாயின் நோயெதிர்ப்புச் செல்களை ஆராய்கிறவர்களுக்குத் தீராத பஞ்சம் ஆன்டிபாடிதான், அதாவது செல்லின் புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் மூலக்கூறு. மனிதருக்கென்று செய்தவற்றில் பெரும்பாலானவை நாய்ப் புரதத்தில் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு செல்லையும் தனித்தனித் துளியில் அடைத்து, அதில் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்று காட்டும் டென்எக்ஸ் ஜீனோமிக்ஸின் இந்தக் கிட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. ஜீனின் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவின் கடைசி முனையில் (3 பிரைம்) உள்ள பாலி-ஏ வாலைப் பிடிக்கிறது. எந்த விலங்கின் வால் என்று பார்ப்பதில்லை. வாங்கத் தகுந்தது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆய்வகப் பகுதி எளிது. ரத்தத்தை 1.077 அடர்த்தி ஃபிக்காலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) பிரித்து, மெதுவான சுழற்சியில் தட்டணுக்களை நீக்கி, 0.04% பிஎஸ்ஏ (ஒரு புரதம்) கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவ வேண்டும். ரத்தம் சேகரித்த குழாயிலிருந்து வந்த ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) மிஞ்சினால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனைக் கெடுக்கும். மைக்ரோலிட்டருக்கு 700–1,200 செல்கள், 90 சதவீதத்துக்கு மேல் உயிருடன். 10,000 செல்கள் கிடைக்கும்படி ஏற்றினால் ஒரே துளியில் சேர்ந்துவரும் இரட்டைச் செல்கள் 8% வரை போகும், 5,000 போதும்.

சிக்கல் கணினியில்தான். முடிவுகளைப் பகுக்கும் செல் ரேஞ்சர் மென்பொருள் இலவசம், ஆனால் தயாராகக் கிடைக்கும் ரெஃபரன்ஸ்களில் (ஒப்பிட்டுப் பார்க்கும் ஜீன் வரைபடம்) நாய் இல்லை. நாய்க்கு நாமே கட்ட வேண்டும். நாய் ஜீனோமின் கேன்ஃபாம்3.1 பதிப்புக்கான ஜீன் குறிப்பேட்டில் பல ஜீன்களின் 3 பிரைம் முனை குட்டையாகவே பதிவாகியிருக்கிறது. கிட் படிப்பதோ அந்த முனையைத்தான்! ரீடுகள் (படித்தெடுத்த வரிசைத் துண்டுகள்) ஜீனுக்கு வெளியே விழ, நன்றாக வேலை செய்யும் ஜீன் ஊமை போலத் தெரியும். ரீடுகளைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் பார்த்து முனைகளை நீட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். அப்போது புரத ஜீன்களை மட்டும் வடிகட்டி வைத்தால், தனி வகையாகப் பதிவான இம்யூனோகுளோபுலின், டி செல் ஏற்பி ஜீன்கள் போய்விடும். மைட்டோகாண்ட்ரியா ஜீன்களுக்கு ‘எம்டி’ முன்னொட்டு இல்லாவிட்டால், செத்த செல்களில் உயரும் மைட்டோகாண்ட்ரியா விகிதம் பூஜ்யம் என்று வரும். அதைச் சுத்தம் என்று நம்பினால் செத்த செல்கள் உள்ளேயே இருக்கும். 13 புரத ஜீன்களையும் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, உதவி டி செல்லின் அடையாளமாகக் கொள்ளும் சிடி4 புரதம் நாயின் நியூட்ரோஃபில்களிலும் (ஒருவகை வெள்ளணு) உண்டு. டி செல்களுக்குரிய சிடி3யும் சேர்ந்திருந்தால்தான் அது உதவி டி செல். நியூட்ரோஃபில்களில் ஆர்என்ஏ குறைவு என்பதால் மென்பொருள் அவற்றை வெற்றுத்துளி என்று தள்ளிவிடக்கூடும்; அவற்றின் விகிதத்தை இந்தக் கிட்டிலிருந்து எடுக்கவே கூடாது.

டி செல் ஏற்பியின் முழு வரிசை வேண்டுமென்றால் மறுமுனையைப் படிக்கும் 5 பிரைம் கிட் வாங்குங்கள். ஆனால் அதற்கென்று டென்எக்ஸ் விற்கும் பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) மனிதர், சுண்டெலிக்கானவை. நாய் ஏற்பியின் மாறாத (கான்ஸ்டன்ட்) பகுதிக்கு நீங்களே வடிவமைக்க வேண்டும்.